செப்டம்பர் பேட்ச் வாத்தியார் தூங்கிய விதம்

கல்யாணராமனுக்குப் பிடிபடாத விஷயம் இதுதான்: பெருக்க வருகிற சீனியம்மாள் மேல்மாடிக்குப் போனால் வீரபாண்டி வாத்தியார் தூங்கிக்கொண்டிருக்கிறார். கல்யாணராமன் போனால் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

இருவரும் ஏறுவது ஒரே படிக்கட்டு. நுழைவது ஒரே கதவு. சீனியம்மாள் இறங்கி வந்து சொன்ன கையோடு கல்யாணராமன் ஏறிப் பார்த்த நாட்களும் உண்டு.

"கண்ணால பாத்தேன் சாரே. கடைசி பெஞ்சுல சாஞ்சு, காலை நீட்டி, வாயைப் பொளந்துட்டு ஒறங்குறாரு. கொறட்டை வேற. அவரு காலைச் சுத்தித்தான் பெருக்கிட்டு வந்தேன்."

"பசங்க?"

"அதுங்க பாட்டுக்கு என்னமோ எழுதிட்டிருக்கு. எங்கிட்ட யாரு பேசுறா? சாரே, இன்னொண்ணு. புதுத் தொடப்பம் வாங்கணும். இருக்கிறது எலும்பாப் போச்சு."

"போன மாசந்தானே வாங்கினோம்?"

"தேயுதே, நான் என்ன செய்ய?"

கல்யாணராமன் நாற்காலியை விட்டு எழுந்தார். ஐம்பத்து மூன்று வயது, இரண்டு முட்டியிலும் வலி. ஒவ்வொரு படியிலும் ஒரு மூச்சு வாங்கி மேலே போய்க் கதவைத் தள்ளினால், கரும்பலகைக்கு முன்னால் ஆறடி உயரத்தில் வீரபாண்டி நிற்பான், கையில் சாக்பீஸ். கண் மட்டும் சிவந்திருக்கும். அவரைப் பார்த்ததும், "அதுகொண்டு..." என்பான். மலையாளத்தில் 'ஆகவே' என்று பொருள். எதுகொண்டு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எந்த நாள் போனாலும் பாடம் 'ஆகவே'யில்தான் இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு உறுத்தியது.

எதையும் திறந்து பார்க்காமல் விடுகிற மனுஷர் இல்லை கல்யாணராமன். வீட்டில் ரேடியோ, சுவர்க் கடிகாரம், மனைவி கனகாம்பாளின் தையல் மெஷின் எல்லாம் அவர் கையால் ஒருமுறையாவது பிரிந்து கிடந்தவை. அதனால் இதையும் அப்படித்தான் பார்த்தார். ஒரு பொருள் வேலை செய்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றைத் தள்ளுகிறது. எது எதைத் தள்ளுகிறது என்று கண்டுபிடித்தால் போயிற்று.

முதலில் சத்தம் என்று நினைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். "அதுகொண்டு..." படியின் நடுவில் மிதித்தால் கிறீச்சிடும், சுவரோரம் மிதித்தால் சத்தம் வராது என்று தெரிந்துகொண்டு, சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி ஏறினார். "அதுகொண்டு..." அடுத்து நூல் கட்டியிருப்பார்கள் என்று படிப்படியாகத் தடவிப் பார்த்தார், கையெல்லாம் சுக்குத் தூசி ஒட்டியதுதான் மிச்சம். கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்களோ என்று ஜன்னல்களைப் பார்த்தார். படிக்கட்டு கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. எந்த ஜன்னலிலிருந்தும் அது தெரியாது. படியடியில் யாராவது காவல் நிற்கிறானா என்றால், படியைப் பார்க்க உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பழைய சரக்கு கோடவுன் அது. பின்வாசல் காயலைப் பார்த்து இருக்கும். வள்ளங்களில் வரும் மூட்டை அந்த வழியாக நேரே உள்ளே வரும். கீழ்த்தளத்தில் பாதி இன்னமும் சுக்கு வியாபாரியிடம் இருந்தது. மீதிப் பாதியில் கல்யாணராமனின் டுட்டோரியல் ஆபீசும் இரண்டு வகுப்பும். மேலே மரத்தரை போட்ட ஒரே நீளக் கூடம். அதுதான் செப்டம்பர் பேட்ச்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் இருநூற்றிப்பத்து மார்க் வாங்காதவர்கள் செப்டம்பரில் மறுபடி எழுதலாம். எழுதுகிறவர்களுக்கு மேலே பாடம். மறுபடியும் போனால் மார்ச், அப்புறம் அடுத்த செப்டம்பர். சில பேர் அங்கேயே மீசை முளைத்தவர்கள். பள்ளிக்கூடங்கள் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் கடைசியில் அந்த மரப்படி ஏறித்தான் வரும். சினிமாக் கொட்டகையில் பிளாக்கில் டிக்கெட் விற்று ஓர் இரவு ஸ்டேஷனில் இருந்த ஹம்ஸா. சுள்ளிக்கல்லில் முனிசிபாலிட்டி வேலைக்காரர் காளிமுத்துவின் மகள் காளி. கையைத் திருகிய டீச்சரின் கையை இவளும் திருகியவள். இன்னும் முப்பது பேர். அவர்களுக்கு வந்த வாத்தியார்கள் ஒவ்வொருவராக ஓடினார்கள். ஒருவர் நாற்காலியில் நாய்க்குருணைக் காயைத் தேய்த்து வைத்திருந்தார்கள். அவர் தன் குடையைக்கூட எடுக்காமல் போனார், அரிப்பு அப்படி.

அப்புறம் வந்தவன்தான் வீரபாண்டி. ஊரில் அவனைத் தெரியாதவர் இல்லை, நல்ல விதமாகத் தெரிந்தவரும் இல்லை. முனிசிபல் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். ஒரு காலத்தில் தோப்பும்படிப் பாலத்தின் மேலிருந்து ஒரு ஓவர்சியரைக் காயலில் தூக்கிப் போட்டவன், பிறகு தானே குதித்து மேலே கொண்டு வந்தவன். அதற்கப்புறம் என்ன நினைத்தானோ, படித்து பி.எஸ்சி. வாங்கிவிட்டான். வேறு யாரும் கிடைக்காததால் கல்யாணராமன் அவனைச் சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் அவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"நான் எஸ்.எஸ்.எல்.சி. நாலு தடவை தோத்தவன்" என்றான் வீரபாண்டி. "எனக்கு மேல யாராவது உண்டா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஹம்ஸா எழுந்து கையை விரித்துக் காட்டினான். அஞ்சு.

"அப்ப நீதான் பெரிய ஆளு. வா, நாற்காலியில உக்காரு. உன் இடம் எது?"

"கடைசி பெஞ்சு."

"சரி, நான் அங்க போறேன்."

அன்றைக்குப் போனவன்தான்.

இவ்வளவும் கல்யாணராமனுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், சிவசங்கரன் இல்லாவிட்டால். சிவசங்கரன் கனகாம்பாளின் தம்பி. டுட்டோரியலில் பாதி அவனுடையது. எர்ணாகுளத்தில் இருப்பவன், படகில் வந்து, கணக்குப் பார்த்து, ஒரு சாயா குடித்துவிட்டுப் போவான். சீனியம்மாள் சொன்னது அவன் காதுக்கும் போயிற்று.

"அத்திம்பேரே, அவன் அங்கே உறங்கறான்னு பெருக்கறவளுக்குத் தெரியறது. உங்களுக்குத் தெரியலையா?"

"நான் போறச்சே எல்லாம் முழிச்சுண்டுதான் இருக்கான் சிவா."

"அது எப்படி?"

"அதுதான் எனக்கும் மனசிலாகலை."

"மாசப் பரீட்சையிலே அந்தப் பயல்கள் மார்க் ஏறியிருக்கு, பாத்தேளா? வாத்தியார் உறங்கறான், பிள்ளைகள் மார்க் வாங்கறதுகள். காப்பி அடிக்கறதுகளாக்கும், வேறென்ன? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர் மேல்மாடியைக் கேட்டுண்டே இருக்கார். வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்கறேன். அவன் உறங்கினா அன்னிக்கே பேட்சை மூடிடறோம். செரிதானே?"

கல்யாணராமன் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பேட்சை மூடினால் அந்த முப்பத்திரண்டு பேரும் எங்கே போவார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்கேயும் போகமாட்டார்கள். தெருமுனையில் நிற்பார்கள். அங்கே நின்றவர்களைப் பத்து வருஷமாக தினமும் பார்த்துக்கொண்டுதான் அவர் வீட்டுக்கு நடக்கிறார். சிலர் இன்னமும், "நமஸ்காரம் சார்" என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்கிற தெம்பு இப்போதெல்லாம் அவருக்கு இல்லை. ஆனால் தூங்குகிற ஒருவனை வாத்தியார் என்று வைத்துக்கொள்வதற்கும் மனசு ஒப்பவில்லை. உண்மை தெரிந்தாலாவது ஒரு பக்கம் சாயலாம். உண்மையும் தெரியவில்லை.

அதனால் மறுபடி ஏறினார். "அதுகொண்டு..." என்றான் வீரபாண்டி.

இந்த முறை கோபம் வந்து கூடம் முழுக்கச் சுற்றினார். கடைசிப் பெஞ்சுக்குக் கீழே ஒரு துடைப்பக்குச்சி கிடந்தது. அது முன்பும் கிடந்தது. எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தார்.

"குப்பை. சீனியம்மாள் பெருக்கற லட்சணம்" என்றார்.

காளி மட்டும் அந்தக் குச்சி போன திசையைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தாள். அதை அவர் கவனித்தார், என்னவென்று விளங்கவில்லை.

ஜூன் முதலில் வர வேண்டிய இடவப்பாதி மழை அந்த வருஷம் பிந்திவிட்டது. ஜூன் பிறந்து நாளாகியும் வெயில் கொளுத்தியது. வியாழக்கிழமை மத்தியானம் கல்யாணராமன் பின்வாசலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வள்ளத்திலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து வள்ளத்துக்கு ஒரு நீளப் பலகை. பலகையின் கரைப்பக்க நுனியில் ஒரு காக்கை உட்கார்ந்து சிந்திய எதையோ கொத்திக்கொண்டிருந்தது. சுமைக்காரர் வள்ளத்துக்குள்ளிருந்து அந்தப் பலகையில் கால் வைத்ததும் காக்கை எம்பிப் பறந்தது. அவர் போனதும் திரும்பி வந்து உட்கார்ந்தது. அடுத்தவர் கால் வைத்ததும் மறுபடி எம்பியது.

காக்கை அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. பார்க்கவில்லை. கரையில் வண்டிகளின் இரைச்சல். எதையும் கேட்டிருக்கவும் முடியாது.

கல்யாணராமன் கீழே இறங்கிக் கிட்டப் போய்ப் பார்த்தார். பலகை கரைக்கல்லின் விளிம்பில் படிந்திருந்தது. விளிம்புக்கு அந்தப் பக்கம், வள்ளத்தின் மேல் நீண்டிருந்த பகுதியை ஆள் மிதித்தால், இந்தப் பக்க நுனி விரற்கடை அளவு தரையை விட்டு எழும்பியது. காக்கையின் காலுக்கடியில் உலகம் தூக்கியது. அது போதும் அதற்கு.

சத்தம் இல்லை, பார்வை இல்லை. கனம்!

அப்படியே நின்றுவிட்டார். சீனியம்மாள் எலும்பும் தோலுமாக இருப்பவள். துடைப்பத்தோடு சேர்த்து நிறுத்தாலும் ஒரு சுக்கு மூட்டையில் பாதி வரமாட்டாள். கல்யாணராமன் கனகாம்பாளின் சமையலில் முப்பது வருஷம் இருந்தவர்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போனபின் படிக்கட்டின் அடியில் போய் அண்ணாந்து பார்த்தார். பத்து வருஷமாக ஏறி இறங்கிய படி; அடியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. படிக்கட்டின் மேல்நுனி உத்தரத்தில் மாட்டியிருக்கவில்லை. என்றைக்கோ உத்தரத்தின் முனையைச் செல் அரித்திருக்கிறது. அதை மாற்றச் சோம்பல்பட்ட யாரோ, மேல்மாடித் தரைப்பலகை ஒன்றைக் கூடத்துச் சுவரைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் நீட்டி, அதன் நுனியில் படிக்கட்டைக் கொக்கிபோட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். இத்தனை நாள் இதில் ஏறினோமே என்று முதலில் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அப்புறம் சந்தோஷமாக இருந்தது. மேலே போய்ச் சோதித்துப் பார்க்கலாம் என்றால், அவர் படியிலும் வகுப்பிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. நாளைக்கு வகுப்பு நடக்கும்போதே ஏறி, எது எழும்பியது என்று மேலே இருக்கிறவர்களையே கேட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். அவர்கள் எப்படியும் தெரிந்துகொள்வார்கள், பரவாயில்லை. பார்க்க வேண்டியது இப்போது வாத்தியாரை அல்ல, தரையை.

அன்றிரவு மழை பிடித்தது. பிந்தி வந்ததற்கெல்லாம் சேர்த்துக் கொட்டியது. வெள்ளிக்கிழமை விடிந்தும் விடவில்லை. பஜார் ரோட்டில் முழங்கால் தண்ணீர். சிவசங்கரன் வரமாட்டான் என்று ஒரு நப்பாசை இருந்தது.

கல்யாணராமன் படியேறினார். ஒளிக்கவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டே, நடுப்படியில் மிதித்தே ஏறினார். ஓட்டில் விழுகிற மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கதவைத் தள்ளினார்.

வீரபாண்டி தூங்கிக்கொண்டிருந்தான்.

கடைசிப் பெஞ்சில் சாய்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றிக் காலை நீட்டி, சீனியம்மாள் சொன்னபடியே வாயைப் பிளந்துகொண்டு. சட்டையில் மீன் வாடையும் ஐஸ் பிளான்டின் அம்மோனியா வாடையும். கரும்பலகை அருகே ஹம்ஸா நின்று ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தான். "இல்லடா மண்டூகமே, அந்தப் பக்கம் கொண்டு போனா குறி மாறும்" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தன் கத்தினான். "ஏன் மாறணும்? அதைச் சொல்லு முதல்ல" என்றான் ஹம்ஸா. "சும்மா மாறும்னா நான் ஒத்துக்கமாட்டேன். அஞ்சு தடவை ஒத்துக்கிட்டுத்தான் தோத்தேன்." இரண்டு மூன்று பெஞ்சில் இதே சண்டை நடந்துகொண்டிருந்தது. யாரும் காப்பி அடிக்கவில்லை. அடிக்க நேரமில்லை.

காளிதான் முதலில் அவரைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. அவள் கண் அவரை விட்டுத் தரைக்குப் போனது. அங்கே, வாத்தியாரின் பாதத்தருகில், ஒரு துடைப்பக்குச்சி.

ஹம்ஸாவின் சாக்பீஸ் பாதிக் கணக்கில் நின்றது.

கல்யாணராமன் திட்டப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் முட்டி வலிக்க மண்டியிட்டுக் குச்சியருகே உட்கார்ந்தார்.

"இது ஏன் எழும்பலை?" என்றார்.

காளிக்கு ஒன்றும் புரியவில்லை. "சார்?"

"நான் ஏறினேனே. பலகை தூக்கியிருக்கணுமே. ஏன் தூக்கலை?"

அவள் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள். அப்புறம் அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அதுதான் சார் தெரியலை. நேத்து வரைக்கும் தூக்குச்சு. நான்தான் முதல்ல பாத்தேன். செருப்பைக் கழட்டிட்டு உக்காருவேன். நீங்க வர்றப்பல்லாம் காலுக்கடியில இந்தப் பலகை மூச்சு விடும். ரொம்பக் கொஞ்சம். பாத்தா தெரியாது, தொட்டாத்தான் தெரியும். அதைப் பெருசாக்கணும்னு வாத்தியார் சொன்னாரு."

"அவன் சொன்னானா?"

"வந்த ரெண்டாம் வாரமே சொன்னாரு சார். 'நான் ராத்திரி ஐஸ் பிளான்டுல நிக்கிறவன். பகல்ல உறங்கிருவேன். உறங்கி மாட்டினா எனக்கு வேலை போச்சு, உங்களுக்கு கிளாஸ் போச்சு. மாட்டாம இருக்க வழி கண்டுபிடிங்க. புஸ்தகத்துலயே இருக்கு, எந்தப் பாடம்னு சொல்லமாட்டேன்'னாரு. நாங்க புஸ்தகம் பூராப் படிச்சோம்." ஒரு புஸ்தகத்தை முழுக்கப் படித்ததை ஒத்துக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "குச்சியோட அடிநுனியை இந்த பெஞ்சுக் காலுக்கு அடியில செருகணும். அது நகராது. பக்கத்துலயே குச்சி இந்தப் பலகை மேல படிஞ்சு போகும். பலகை துளி எழும்பினா போதும், அந்தக் கடைசில குச்சி நுனி ஒரு சாண் எழும்பும். எழும்பி வாத்தியார் உள்ளங்காலைக் கூசும்."

"கூசினா?"

"'அதுகொண்டு'ன்னு எந்திரிச்சிருவாரு."

"துடைப்பம் தேயறது இப்படித்தானா!"

"சீனியம்மா வந்தா குச்சியையும் பெருக்கிட்டுப் போயிருது சார். அந்தம்மா வர்றதுதான் தெரியவே மாட்டேங்குது. அது ஏறினா பலகை அசையவே இல்லை."

கல்யாணராமன் பலகையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். நேற்று வரை இந்தப் பலகைக்கும் பக்கத்துப் பலகைக்கும் நடுவில் ஒரு காசு நுழைகிற இடைவெளி இருந்திருக்கும். இன்று நகம்கூட நுழையவில்லை. மரம் ராத்திரி முழுக்க ஈரத்தைக் குடித்து உப்பியிருந்தது. இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்தால் பலகை எங்கே எழும்பும்?

அதைச் சொல்ல வாயெடுத்தார். படியடியிலிருந்து மழையையும் மீறி ஒரு கூப்பாடு. "அத்திம்பேரே! எங்கே போயிட்டேள்?"

அந்தத் தண்ணீரிலும் சிவசங்கரன் வந்துவிட்டான்.

அவன் அவரைவிடக் கனம். அவன் ஏறினால் நேற்றைய பலகை காக்கை இல்லை, கழுகையே பறக்கவிட்டிருக்கும். இன்று அது அசையாது. முப்பத்திரண்டு பேரும் கல்யாணராமனைப் பார்த்தார்கள். கத்தி எழுப்பினால் கீழே கேட்கும். அவர் ஒன்றும் யோசிக்கவில்லை என்றுதான் பிறகு தோன்றியது. குச்சியைப் பெஞ்சுக் காலடியிலிருந்து உருவி, தன் கையாலேயே வீரபாண்டியின் உள்ளங்காலில் ஓர் இழு இழுத்தார்.

"அதுகொண்டு!" என்று வீரபாண்டி எழுந்து நின்றான். எதிரே மண்டியிட்டுத் துடைப்பக்குச்சியோடு பிரின்சிபாலைக் கண்டதும் அவனுக்குக் கனவா நனவா என்று தெரியவில்லை. "சார்..."

"போடா போர்டுக்கு" என்றார் கல்யாணராமன் மெதுவாக.

சிவசங்கரன் நுழைந்தபோது பாடம் நடந்துகொண்டிருந்தது. வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. கூடத்தை ஒருமுறை பார்த்தான். அத்திம்பேர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பதைப் பார்த்தான்.

"நீங்கோ இங்கேயா?"

"பாத்துண்டிருக்கேன். நீயும் பாரு."

சிவசங்கரன் பார்ப்பதோடு விடவில்லை. காளியைக் காட்டி, "நீ எழுந்திரு. இப்போ என்ன பாடம் நடக்கறது? சொல்லு" என்றான்.

போர்டில் இருந்தது அல்ஜிப்ரா. பதற்றத்தில் காளிக்கு நாக்கில் வந்தது வேறு. "நெம்புகோல் சார்" என்றாள்.

வீரபாண்டி போர்டுக்கு முன்னால் நகர்ந்து நின்று அல்ஜிப்ராவை முதுகால் மறைத்தான்.

"நெம்புகோல்னா?"

"ஒரு கம்பு சார். ஒரு நுனி நகராம இருக்கணும். அதுக்குப் பக்கத்துல துளி தூக்கினா, தூரத்து நுனி நெறையத் தூக்கும். பக்கத்துல எவ்வளவு கிட்டத் தூக்குறோமோ அந்த அளவு அங்க பெருசாகும். கனமான ஆளு ஏறினா இன்னும் நல்லாத் தெரியும்."

"எதிலே ஏறினா?"

"பொதுவாச் சொன்னேன் சார்."

யாரோ இருமினார்கள். அடுத்து ஹம்ஸா. சிவசங்கரனுக்கு அவனைத் தெரியும். பிளாக் டிக்கெட் அவனிடம் வாங்கியிருக்கிறான், அதைக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கணக்கைக் கொடுத்தான். ஹம்ஸா போட்டான். குறி ஏன் மாறுகிறது என்பதையும் கேட்காமலே விளக்கினான், இரண்டு தடவை.

கீழே வந்து, குடித்த சாயா டம்ளரை மேஜைமேல் வைத்தான் சிவசங்கரன்.

"செரி" என்றான். "செப்டம்பர் வரைக்கும் இருக்கட்டும். ரிசல்ட் வரட்டும், பாக்கலாம். ஆனா ஒண்ணு அத்திம்பேரே. இனிமே நான் சொல்லிண்டு வரமாட்டேன். எப்போ வேணும்னாலும் வருவேன். ஒரு நாள் அவன் உறங்கினதைப் பாத்தாலும் அன்னிக்கே பூட்டு."

அவன் போனபின் கல்யாணராமன் மறுபடி மேலே ஏறினார். அன்றைக்கு இரண்டாம் தடவை. முட்டி கெஞ்சியது. பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். வீரபாண்டி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றான்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாமா சார்?"

"உக்காரு. ஐஸ் பிளான்டை விடப்படாதா?"

"விட்டா வீட்டுல அடுப்பு எரியாது."

"செரி. முழிச்சுண்டு பாடம் நடத்தினா என்ன ஆகும்? அதைச் சொல்லு."

வீரபாண்டி யோசித்தான். "முதல் வாரம் நடத்திப் பாத்தேன் சார். நான் ஒருத்தன் பேசினேன், அவங்க கொட்டாவி விட்டாங்க. ரெண்டாம் வாரம் என்னை அறியாம உறங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா அந்த ஹம்ஸா போர்டுல நிக்கிறான். எனக்கு நடுவுல பேசத் தோணலை. மறுபடி கண்ணை மூடிட்டேன். நான் முழிச்சிருந்தா எல்லாத்துக்கும் என்னைக் கேப்பாங்க. உறங்கினா அவங்களுக்குள்ள அடிச்சுக்குறாங்க."

"இது நிஜமா, இல்லே உறங்கறதுக்கு ஒரு சாக்கா?"

"சத்தியமாத் தெரியலை சார். ரெண்டும் ஒரே சமயத்துல வருது."

கல்யாணராமனுக்கும் தெரியவில்லை. முப்பது வருஷம் வாய் ஓயாமல் பாடம் நடத்தியவர் அவர். அத்தனை வருஷத்தில் ஒரு ஹம்ஸா எழுந்து நின்று குறி ஏன் மாறுகிறது என்று கேட்டதாக ஞாபகம் இல்லை. அதை நினைத்தால் களைப்பு இன்னும் கூடியது. எதிர்ப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். வெளியே மழை ஓய்கிற மாதிரி இல்லை. இந்த மழை செப்டம்பர் வரைக்கும் இருக்கும். அதுவரைக்கும் பலகை உப்பித்தான் இருக்கும். சிவசங்கரன் எந்த நாளும் வருவான்.

அது ஒன்றுக்கு மட்டும் அவரிடம் பதில் இருந்தது.

"கீழே என் மேஜை டிராயரிலே ஆக்ஸா பிளேடு ஒண்ணு இருக்கு. ஆபீஸ் விளக்குப் பக்கத்திலே மெழுகுவர்த்தி இருக்கும். ரெண்டையும் எடுத்துண்டு வா" என்றார்.

அவன் கொண்டு வந்ததும் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். கல்யாணராமன் செய்து காட்டினார். உப்பிய பலகையின் இரண்டு பக்க இடுக்கிலும் ஆக்ஸா பிளேடின் ரம்பப் பல்லை வைத்து அறுத்து இறக்கி, ஒரு காசு தாராளமாக நுழைகிற அளவுக்கு இழைத்துவிட வேண்டும். இழைத்த விளிம்பு மறுபடி ஈரத்தைக் குடிக்காமலும் பக்கத்துப் பலகையில் ஒட்டாமலும் இருக்க, மெழுகுவர்த்தியை நீளவாக்கில் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு குச்சியைப் பழையபடி பெஞ்சுக் காலுக்கு அடியில் செருகி வைத்தால், எவ்வளவு மழை பெய்தாலும், படியில் ஆள் ஏறினால் பலகை எழும்பும்.